பார்த்தால் வராத பிழை

அலுவலகத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். வைத்தவர்கள் மனம் நோக வேண்டும் என்று வைக்கவில்லை, அவளும் நோகவில்லை. லிஃப்ட்டுகளை ஓட்டும் சின்னக் கணினிகளுக்கு இயங்குதளம் எழுதும் நிறுவனம் அது. இருபது வருடமாக ஆள் மாற்றி ஆள் எழுதிச் சேர்த்த நிரலில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போனபோது, செத்ததைத் தேடி எடுத்து வெளியே போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. புதிதாக எழுதுகிறவனுக்குப் பெயர் கிடைக்கும். பெருக்குகிறவளுக்கு என்ன கிடைக்கும்? யாரும் கேட்டு வாங்காத அந்த வேலைக்கு அவள் வந்தாள்.

வராமல் என்ன செய்வாள்? மகன் பிறந்தபோதே அவனுக்கு இடுப்பெலும்பில் கோளாறு. ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, பயிற்சி என்று எட்டு வருடம் வீட்டோடு கிடந்தாள். பையன் கடைசியில் நடந்தான். கொஞ்சம் சாய்ந்த நடைதான், ஆனால் யாரையும் பிடித்துக்கொள்ளாத நடை. அதற்குள் அவள் தொழில் எட்டு வருடம் தள்ளிப் போயிருந்தது. நேர்காணலுக்குப் போன இடத்திலெல்லாம் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். பையனை நடக்க வைத்தேன் என்று ஓரிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர்கள் மரியாதையாகச் சிரித்து அனுப்பிவைத்தார்கள்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன். அவனுடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், இந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். அவள் சொல்லித்தான் ஒரு வருட ஒப்பந்தத்தில் இடம் கிடைத்தது. சேர்ந்த அன்று காலையில் நாத்தனார் அவளைக் கழிப்பறை வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "தம்பி பொண்டாட்டின்னு யாருக்கும் சொல்லல. வேலை தெரிஞ்சவன்னுதான் சொல்லியிருக்கேன். என் மூக்கை அறுத்துடாதே."

முதல் சில மாதம் சின்னச் சின்னக் குப்பைகள். பிறகு பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டுப் பெரிய வேலையைக் கொடுத்தார். எதைக் கேட்டாலும் "சரி சரி" என்பதால் அவருக்குச் சரிசார் என்று பெயர். கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் அடிமடியில், ஒரு பழைய டிபக்கருக்கு இடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நடுவில் நிறுத்தி, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் கருவி அது. அதை மாட்டுவதற்கான கேபிளே இப்போது கடைகளில் இல்லை. புதுச் சில்லுகளில், அதாவது கணினி சிப்புகளில், அதைவிட நல்ல வசதி கூடவே வருகிறது. ஆனாலும் பழையது போகவில்லை. கெர்னலுக்குள் ஒவ்வொரு முறை ஒரு சமிக்ஞை வரும்போதும், கதவு திறந்தாலும் பொத்தான் அழுத்தினாலும் கடிகாரம் துடித்தாலும், அது முதலில் நின்று, வெளியே யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகும். யாரும் பார்க்கவில்லை என்றுதான் பல வருடமாகப் பதில் வந்துகொண்டிருந்தது. தவிர, அது ஒரு திறந்த புழக்கடைக் கதவு. பழைய கேபிள் ஒன்றை எங்கேயாவது தேடிப் பிடித்த எவனும் ஓடும் லிஃப்ட்டை அதன் வழியாக நிறுத்திவிடலாம். எடுத்துவிடுங்கள் என்றார் சரிசார்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வெளிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, யாரும் கூப்பிடாதவற்றை முதலில் எடுத்தாள். பிறகு அவற்றை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவற்றை எடுத்தாள். ஒவ்வொரு துண்டையும் எடுத்தபின் முழுவதையும் ஓட்டிப் பார்த்தாள். யாராவது பார்க்கிறார்களா என்ற அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் தொட்டாள். ஆயிரக்கணக்கான வரிகள் போயின. அலுவலகத்தின் பின்னால் சோதனைக் கோபுரம் ஒன்று உண்டு. ஐந்து மாடி உயரம், உள்ளே ஒரே ஒரு லிஃப்ட். ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஏறி இறங்கும். அதில் ஒரு மாதம் ஓட்டினாள். ஒரு குறையும் இல்லை. சரிசார் சரி சரி என்றார். புதிய பதிப்பு ஊரிலுள்ள லிஃப்ட்டுகளுக்குப் போனது. அன்று அவள் வீட்டுக்குக் கேக் வாங்கிப் போனாள். எதற்கு என்று மகன் கேட்டான். குப்பை கொட்டியதற்கு என்றாள்.

ஒரு குடியிருப்பில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. மின்சாரக் கோளாறு என்று நினைத்தார்கள். அடுத்த வாரம் வேறொரு கட்டடத்தில் நின்றது. பிறகு ஓர் அலுவலகத்தில். பிரேக் பிடித்துக்கொள்வதால் விழாது, ஆனால் அசையவும் அசையாது. மெக்கானிக் போய் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மூன்றாவது செய்தி வந்தபோது அவள் தான் எடுத்த வரிகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். யாரும் அவளைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. துடைப்பம் என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது.

நான்காவது முறை உள்ளே மாட்டிக்கொண்டவள் ஒரு தையல்காரி. தைத்த துணிகளை ஏழாம் மாடியில் கொடுக்கப் போனவள். ஆஸ்துமாக்காரி. மூச்சுக்கு இழுக்கும் மருந்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் நினைவு தப்பிவிட்டது. மருத்துவமனையில் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள்.

செய்தி வந்த அன்றே சரிசார் பழைய நிரலை அப்படியே திரும்பப் போடச் சொன்னார். மாலைக்குள் எல்லா லிஃப்ட்டிலும் பழைய பதிப்பு ஏறிவிட்டது. அதற்கப்புறம் ஒரு லிஃப்ட்கூட நிற்கவில்லை. அதைவிடப் பெரிய சாட்சி யாருக்கு வேண்டும்? எடுத்தாள், நின்றது. போட்டார்கள், ஓடுகிறது. குற்றம் யாருடையது என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மறுநாள் மதியம் அவள் யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போனாள். தையல்காரி கண்விழித்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மூக்கில் குழாய். லிஃப்ட் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் பக்கத்தில் இருந்த அவளுடைய தங்கை எழுந்து நின்றுகொண்டாள். திட்டப் போகிறாள் என்று இவள் நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தையல்காரி கையசைத்துத் தங்கையை உட்காரச் சொல்லிவிட்டு, நடந்ததைத் தானாகவே சொன்னாள். மணியை அழுத்தினாளாம். கத்தினாளாம். கத்தக் கத்த மூச்சு குறைந்ததாம். கை சும்மா இருந்தால் பயம் ஏறும் என்று, கொண்டுபோன சட்டை ஒன்றை எடுத்து, தைத்த தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாளாம். ஒரு கை முழுக்கப் பிரித்தது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் இல்லை. சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. இனிமே நிக்காதுல்ல?"

"நிக்காது" என்றாள் அவள்.

சொன்ன வாயே அவளுக்குக் கசந்தது. ஏனென்றால் நிற்காது என்று அவளுக்குத் தெரியாது. பழைய நிரலை எடுத்ததால் ஒரு கோளாறு வெளியே வந்தது, அவ்வளவுதான். கோளாறு அதற்கு முன்பே எங்கோ உள்ளே இருந்திருக்கிறது. எடுத்ததில் அவள் ஒரு வரிகூடத் தப்பாக எடுக்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் படித்து உறுதி செய்திருந்தாள். அப்படியானால் அந்தச் செத்த நிரல் தனக்கே தெரியாமல் எதையோ மூடிக்கொண்டிருந்தது. இப்போது மறுபடி மூடியிருக்கிறது. மருத்துவமனையின் வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் காலை ஒதுக்கி ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டிருந்தாள்.

சரிசாரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், இது சரியாகல. மூடி போட்டிருக்கோம், அவ்வளவுதான்."

"சரி சரி. மூடி இருந்தா போதுமே."

"நாளைக்குச் சில்லை மாத்துவோம், கொஞ்சம் வேகமா ஓடும். அப்ப மூடி தானா கழண்டுக்கும் சார்."

"அப்பப் பாத்துக்கலாம். நீங்க இதை இனிமே தொட வேணாம்."

கெட்ட மனிதர் இல்லை அவர். தினமும் இரண்டு வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அவரை உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்தார்கள். எரிகிற வீட்டில் தண்ணீர் ஊற்றி முடித்தவனிடம் போய், இன்னும் கொஞ்சம் நெருப்பு உள்ளே இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

அந்த வாரக் கடைசியில் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வந்ததும் சமையலறைக்குள் நுழைந்து பாத்திர மூடியைத் திறந்து பார்ப்பவள், அன்று கூடத்தில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டதாகவும், இன்னும் இரண்டு மாதம் மிச்சம் இருப்பதாகவும், வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று வந்ததாகவும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. போகும்போது தம்பியிடம் மட்டும், இனி தான் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது, சொன்னால் சிரிப்பார்கள் என்றாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்று தொடங்கியது அவளுடைய அலைச்சல்.

விடுமுறை நாட்களில் சோதனைக் கோபுரத்தைத் தான் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று சரிசாரிடம் கேட்டாள். அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே சரி சரி என்றார். கேள்வி காதில் விழுந்ததா என்று தெரியாது. அவளுக்கு அது போதும். பழைய டிபக்கர் இல்லாத பதிப்பை ஏற்றி ஓட்டினாள். நிற்கவில்லை. வாரக் கணக்கில் ஓட்டினாள். மணல் மூட்டைகள் சமர்த்தாக ஏறி இறங்கின. புதுச் சில்லில் உள்ள வசதியை மாட்டி உள்ளே பார்த்தாள். அப்போதும் நிற்கவில்லை. எதையாவது மாட்டிப் பார்த்தால் ஓட்டத்தின் வேகம் துளி மாறுகிறது, அதனால்தான் பிழை வரவில்லை என்று நினைத்தாள். பார்க்க ஆள் நின்றால் திருடன் எப்படி வருவான்? ஆள் போனால் வருகிறான், ஆனால் அப்போது பார்க்க ஆள் இல்லை.

வீட்டில் இதைக் கணவனிடம் விளக்கினாள். அவன் வில்லைத் தூசி படிந்த கையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "கண்ணாடி போட்டாத் தெரியும், அது சரி. கண்ணாடி போட்டா மறையுற நோயை இப்பத்தான் கேக்குறேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. அவன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டான்.

சோறு இறங்கவில்லை. பையன் பள்ளிக் கதையைச் சொன்னால் ம் கொட்டுவாள், என்ன சொன்னேன் என்று அவன் திருப்பிக் கேட்டால் தெரியாது. ஒருநாள் அவன் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் அறைக்குப் போனான். தன்மேல் குற்றம் இருக்கிறது என்பதையாவது நிரூபித்துவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அதற்கும் வழியில்லை. இல்லாத பேயைப் பிடிக்கிறவள்போல, எதிரே வரும் எல்லோருக்கும் பைத்தியக்காரியாகத் தெரிந்தாள். அலுவலகச் சாப்பாட்டு அறையில் அவள் உட்கார்ந்த மேசைக்கு யாரும் வரவில்லை.

நிரலை விட்டுவிட்டு லிஃப்ட்டைப் பார்க்கலாம் என்று ஒருநாள் தோன்றியது. தையல்காரி மாட்டிக்கொண்ட குடியிருப்புக்குப் போய், கீழ்த்தளத்தில் ஒரு தூணோரம் காலை முழுக்க நின்றாள். காவலாளி மூன்று முறை வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். லிஃப்ட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கதவு மூடும்போது ஒருவன் காலை நீட்டினான், கதவு திறந்தது. மறுபடி மூடும்போது இன்னொருவன் நீட்டினான். ஒரு பெண் பையைக் கதவில் முட்டுக்கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற யாரிடமோ வாடகை விஷயம் பேசினாள். கதவு பையில் இடித்துத் திறந்தது, இடித்துத் திறந்தது. ஒரு பெரியவர் மூடும் கதவின் கடைசி இடுக்கில் ஊன்றுகோலை நுழைத்தார்.

மணல் மூட்டை கையை நீட்டுமா? கோபுரத்தில் ஒரு தடவைகூட எந்தக் கதவும் பாதியில் மறிக்கப்பட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனைக் கூட்டிக்கொண்டு கோபுரத்துக்குப் போனாள். உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில் லிஃப்ட்டின் கணினியோடு அவள் உட்கார்ந்துகொண்டாள். அவன் உள்ளே நின்று, கதவு மூடும்போதெல்லாம் கையை நீட்ட வேண்டும். டிபக்கர் நீக்கிய நிரலில் ஒரே ஒரு சின்ன வேலையைச் செய்து வைத்திருந்தாள். நடப்பது ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் நினைவகத்தின் ஒரு மூலையில் பதிவாகும். அதற்குமேல் ஒரு துளி கூட்டினாலும் பிழை ஓடி ஒளிந்துவிடலாம் என்ற பயம் இருந்தது. லிஃப்ட் நின்றுவிட்டால், மின்சாரத்தைத் தொடாமல், கணினிப் பலகையில் துருத்தும் நான்கு கம்பி முட்களைக் கிளிப்பால் கவ்வி அந்த மூலையைப் படிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

அவன் காலையில் உற்சாகமாக இருந்தான். தொலைபேசியில் ஒவ்வொரு மாடியையும் கண்டக்டர்போல அறிவித்தான். கை வலித்ததும் குடையை நீட்டினான். மதியத்துக்குள் பேச்சு குறைந்தது. சாப்பிட இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது மோட்டார் ஒரு முக்கலோடு நின்றது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்.

"நின்னுடுச்சு" என்றான் அவன்.

அவள் கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, இப்ப மின்சாரத்தை நிறுத்தினா நீங்க வெளிய வந்துடலாம். ஆனா எல்லாம் போயிடும்."

"பாத்துக்கோ. நான் எங்க ஓடிடப் போறேன்?"

முதல் கவ்வலில் ஒன்றும் வரவில்லை. ஒரு முள் வளைந்திருந்தது. ஊசியால் நிமிர்த்தினாள், ஊசி நழுவிப் பக்கத்து முள்ளில் இடித்தது. எண்கள் வந்தன, பாதி குப்பை. மறுபடி படிக்க வேண்டும். கீழே அவன் ஏதோ கேட்டான், இதோ என்றாள். அந்த லிஃப்ட் மூட்டைகளுக்காகச் செய்தது. மூட்டைக்குக் காற்று எதற்கு? விசிறியும் இல்லை, மேலே ஓட்டையும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவன், "இன்னும் எவ்வளவு?" என்றான். இதோ என்றாள். பிறகு அவன் கேட்கவில்லை. பிறகு தகரத்தில் கையால் தட்டும் சத்தம் வந்தது. முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தொலைபேசி வழியாக இல்லை, குழிக்குள்ளிருந்து நேரே.

மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சட்டைத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தவள் கண்ணெதிரே வந்தாள். அவள் கையை நீட்டவில்லை. கடைசி எண் வரும்வரை படித்தாள். பிசகில்லை என்று இன்னொரு முறை படித்தாள். அதன் பிறகுதான் ஸ்விட்ச்சைத் தொட்டாள்.

கதவு திறந்தபோது அவன் சட்டையைக் கழற்றிப்போட்டு, மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளித்தவன்போல உடம்பெல்லாம் வியர்வை. அவள் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, படியில் இறங்கி, குழாயில் முகம் கழுவி, வாசலில் போய் நின்றான். பேருந்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தான், ஆனால் பேசவில்லை. வீட்டு வாசலில் சாவியைத் திருப்பும்போது, "நீ நிறுத்தியிருக்கலாம்" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. கதவை யாரோ மறிக்கும் சமிக்ஞையும், கடிகாரத்தின் துடிப்பும், ஒரே கணத்தில் வந்து ஒரே மதிப்பைத் தொட்டால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நீ முதலில் போ என்று நின்றுவிடுகின்றன. ஒன்று முடியும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் ஒரு பூட்டு அங்கே இருந்திருக்க வேண்டும். எழுதியவர் போடவில்லை. அவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டவர், அவர் பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லை. பழைய டிபக்கர் ஒவ்வொரு சமிக்ஞைக்கும் முன்னால் நின்று யாராவது பார்க்கிறார்களா என்று கேட்ட அந்தக் கண்ணிமைப்பு நேரம், இரண்டும் மோதிக்கொள்ளாமல் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தது. குருட்டாம்போக்கில் அது செய்த காவல். திருத்தம் நான்கே வரி.

சரிசார் முழுவதையும் கேட்டார். இரண்டு முறை கேட்டார். தன் கையாலேயே படம் போட்டுப் பார்த்தார். கடைசியில், "நல்ல வேலை" என்றார். அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பாராட்டு அதுதான். நான்கு வரியையும் ஏற்றுக்கொண்டார். இனி பழைய நிரலை எடுத்துவிடலாம், அந்தப் புழக்கடைக் கதவை அடைத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது தலையை அசைத்தார்.

"வேணாம்மா. இப்ப அதை எடுத்தோம்னு சொன்னாலே ஒருத்தனும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டான். இருந்துட்டுப் போகட்டும்."

ஒப்பந்தத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை தோன்றியது. உண்மை வெளிவந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அத்தனை நாளும் மனதின் ஓரத்தில் நம்பியிருந்தாள். உண்மை வெளிவந்தது. அது வந்த நேரத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. லிஃப்ட் ஓடுகிறது, அப்புறம் என்ன? ஒப்பந்தம் முடிந்த அன்று அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள். மேசையைக் காலி செய்யப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பின் வந்தவை மோசமான மாதங்கள். விண்ணப்பித்த இடங்களில் முந்தைய வேலையை ஏன் ஒரு வருடத்தில் விட்டீர்கள் என்று கேட்டார்கள். விளக்க ஆரம்பித்தால் பாதியில் அவர்கள் கண் கைக்கடிகாரத்துக்குப் போய்விடும். காலையில் கணவனும் மகனும் போனபின் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால், உட்கார்ந்தது உட்கார்ந்தபடி மத்தியானம் ஆகிவிடும். கணவன் பேசத் தொடங்கியிருந்தான், பழையபடி கேலியும் செய்தான். ஆனால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறித்தான் போனான், அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தையல்காரி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டாள். வாடிக்கையாளர்களைக் கீழே இறங்கி வந்து துணியை வாங்கிக்கொள்ளச் சொல்வதாக அவள் தங்கை கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள். நாத்தனார் வரவே இல்லை. மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினாள்.

கடைசியில் எடைபோடும் இயந்திரங்கள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தூரம் அதிகம், ஆட்கள் நான்கே பேர். அங்கே யாரும் பழைய கதையைக் கேட்கவில்லை. முதல் நாளே ஒரு தராசைக் கொடுத்து, இது வெயிலில் வைத்தால் எடையைக் கூட்டிக் காட்டுகிறது, ஏன் என்று பாருங்கள் என்றார்கள். அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

அடுத்த வருடம் ஒரு மாலையில் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவள் இடத்துக்கு வந்த புதியவன். புதுச் சில்லுக்கு மாறுகிறார்களாம், பழைய டிபக்கர் நிரலைத் தூக்கச் சொல்லிவிட்டார்களாம், அவள் எழுதிய குறிப்புகளை வைத்துத்தான் எடுத்தானாம். ஒரே ஓரிடத்தில் சந்தேகம், அதற்குத்தான் கூப்பிட்டான். அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, எந்த வரியை முதலில் எடுக்க வேண்டும், எதைக் கடைசியில் என்று நினைவிலிருந்தே சொன்னாள். கதவில் கையை நீட்டிச் சோதித்தீர்களா என்று கேட்டாள். ஆள் வைத்துச் சோதிக்கிறோம், ஆளுக்கு விசிறியும் வைத்திருக்கிறோம் என்றான். சில மாதம் கழித்து அவனே மறுபடி அழைத்தான், அப்போதும் அவள் பேருந்து நிறுத்தத்தில்தான் நின்றிருந்தாள். எல்லாம் எடுத்தாகிவிட்டது, எல்லா லிஃப்ட்டுக்கும் போய்விட்டது, ஒரு மாதமாக எதுவும் நிற்கவில்லை என்றான்.

"நல்லதுப்பா" என்றாள்.

தொலைபேசியைக் கைப்பையில் போட்டாள். பேருந்து வந்தது, நல்ல கூட்டம். கைப்பையை முன்னால் அணைத்துக்கொண்டு, இடித்துப் பிடித்து ஏறினாள்.